மூன்றாவது புரோகிராம்

எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது எண்பத்தாறாம் வருஷம் தை மாதத்தில். ஆவணி வந்தும் அது துணி போர்த்தித்தான் கிடந்தது. துணியின் மேல் ஒரு சந்தனப் பொட்டு. தலைமையாசிரியை ஆயம்மாள் டீச்சர் வெள்ளிக்கிழமை தோறும் தன் கையால் அந்தப் பொட்டைப் புதுப்பிப்பார். அதைத் தவிர அந்த இயந்திரத்துக்கு யாரும் ஒன்றும் செய்யவில்லை.

நான் சுப்புத்தாய், கணக்கு டீச்சர். போடியில் அந்தப் பெண்கள் பள்ளியில் அப்போது பத்து வருஷமாக வேலை பார்த்துவந்தேன். கோபக்காரி என்று பெயர் வாங்கியவள். அந்தப் பெயரை நான் மறுத்ததும் இல்லை, அதற்காக வருத்தப்பட்டதும் இல்லை.

ஒரு திங்கட்கிழமை மதுரையிலிருந்து கடிதம் வந்தது. கம்ப்யூட்டரைப் பிள்ளைகள் பயன்படுத்துகிறார்களா என்று பார்க்க இன்னும் பதினெட்டு நாளில், வெள்ளிக்கிழமை, அதிகாரி வருவார். பிள்ளைகள் அவர் கண்முன்னால் அதில் உட்கார்ந்து ஏதாவது செய்துகாட்ட வேண்டும். இல்லையென்றால் அன்றைக்கே வண்டியில் ஏற்றி வேறு ஊர்ப் பள்ளிக்குக் கொடுத்துவிடுவார்கள்.

ஆயம்மாள் டீச்சர் கடிதத்தை மடித்துக்கொண்டே, "போனாப் போகட்டும் சுப்புத்தாயி. கரண்டு பில்லாவது மிச்சம்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மதுரையில் பத்து நாள் பயிற்சிக்குப் போனவள் நான். முப்பது பேரில் இரண்டே பேர் பெண்கள். அங்கே ஒரு விளையாட்டைக் காட்டினார்கள். படம் கிடையாது, பாட்டு கிடையாது, வெறும் எழுத்து. 'நீங்கள் ஒரு தீவில் நிற்கிறீர்கள். வடக்கே அணைந்துபோன கலங்கரை விளக்கம். மேற்கே ஒரு கிணறு. என்ன செய்யப்போகிறீர்கள்?' என்று இங்கிலீஷில் கேட்கும். நாம் இரண்டு வார்த்தை அடித்தால் பதில் சொல்லும். வடக்கே போ என்றால் போகும். கதவைத் திற என்றால், பூட்டியிருக்கிறது என்னும். கப்பல் வருவதற்குள் விளக்கை ஏற்ற வேண்டும், அதுதான் விளையாட்டு. ஆண்கள் டீ குடிக்கப் போன நேரமெல்லாம் நான் அந்தத் தீவில்தான் இருந்தேன். கடைசி நாள் விளக்கை ஏற்றியவள் நான் ஒருத்திதான். அதை வீட்டில் வந்து சொன்னபோது என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது.

எங்கள் பிள்ளைகளை இங்கிலீஷ் பேசச் சொன்னால் பாவாடை நுனியைத் திருகிக்கொண்டு நிற்பார்கள். ஆனால் கேட்பது ஒரு இயந்திரம், தப்பாகச் சொன்னாலும் சிரிக்காது என்றால் பதில் அடித்துவிடுவார்கள் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அதிகாரிக்கு இதைத்தான் காட்டப்போகிறேன் என்று ஆயம்மாள் டீச்சரிடம் சொல்லிவிட்டேன்.

சொல்லியாகிவிட்டது. ஓட வைப்பது எப்படி? தீவும் கிணறும் விளக்கும் பயிற்சியில் கொடுத்த கேசட்டில் பத்திரமாக இருந்தன. ஆனால் அது கதை மட்டும்தான். அந்தக் கதையைப் படித்து, நாம் அடிப்பதைப் புரிந்துகொண்டு, பதில் சொல்வதற்குத் தனியாக ஒரு புரோகிராம் வேண்டும். பயிற்சிப் புத்தகத்தின் கடைசியில் அப்படிப்பட்ட புரோகிராம்கள் மூன்று இருந்தன. உங்கள் இயந்திரத்துக்குத் தக்கதைத் தேர்ந்துகொள்ளுங்கள் என்று மேலே ஒரு வரி.

முதலாவதுதான் மதுரையில் ஓடியது. அதற்கு டிஸ்க் டிரைவ் வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரு டேப் ரிக்கார்டர். அதுவும் ஆண்டுவிழாவுக்குப் பாட்டுப் போடுவது. ஆகவே அது இல்லை.

இரண்டாவது இரண்டே பக்கம். ஒரு சாயங்காலத்தில் அடித்துவிடலாம். அடித்தும் பார்த்தேன். கதை ஓடியது. 'வடக்கே போ' என்று கொடுத்துவிட்டு நான் வராந்தாவுக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்த பிறகுதான் பதில் வந்தது. கடிகாரம் வைத்துப் பார்த்தேன், ஒரு வார்த்தைக்கு இரண்டு நிமிஷம்.

மூன்றாவது, வேகமானது. கேட்டதும் பதில் சொல்லும். ஆனால் அதில் வார்த்தையே கிடையாது, வெறும் எண்கள். பூஜ்யத்திலிருந்து இருநூற்று ஐம்பத்தைந்து வரைக்கும் ஏதோ ஒரு எண், வரிக்குப் பதினாறு, ஆறு பக்கம், மொத்தம் நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு. ஒன்று தப்பினாலும் ஓடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

"ரெண்டாவதே போதும்டி" என்றாள் கருத்தம்மாள். சயின்ஸ் டீச்சர், என் வயசுக்காரி, வாய்க்காரி. "அதிகாரிக்கு என்ன தெரியப்போவுது? ரெண்டு நிமிசம் காத்திருந்தாத் தேஞ்சா போயிருவாரு?"

"பிள்ளைக தேஞ்சு போயிருங்க. ரெண்டு நிமிசம் பதில் வரலேன்னா அடுத்த வார்த்தை அடிக்குமாடி ஒண்ணாவது?"

மூன்றாவதைத்தான் எடுப்பது என்று முடிவு செய்தேன். வீம்பு என்றால் வீம்புதான்.

புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து அடித்தால் கண் வரி மாறும். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து எண்களைச் சொன்னால் நான் திரையைப் பார்த்து அடிக்கலாம். அதுவும் சும்மா சொன்னால் போதாது. நாலாயிரம் எண்ணையும் ஒரே குரலில், அவசரமில்லாமல், தவறில்லாமல் சொல்ல வேண்டும். போடியில் அப்படி ஒரு வாய்தான் உண்டு. அது எங்கள் வீட்டிலேயே இருந்தது.

என் வீட்டுக்காரர் பெயரை வாயால் சொல்ல மாட்டேன், எழுதினால் தப்பில்லை. மொக்கச்சாமி. என் மாமன் மகன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஏலக்காய் டிப்போவில் எடை சொல்பவர். போடிமெட்டிலிருந்து ஜீப்பில் இறங்குகிற மூட்டைகள் தராசில் ஏறும்போது, அந்தக் கூச்சலுக்கு நடுவில் எடையை உரக்கச் சொல்ல வேண்டும், எதிர்ப்பக்கம் கணக்கப்பிள்ளை எழுதிக்கொள்வார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் சொன்ன எடையை யாரும் மறு எடை போடச் சொன்னதில்லை. ஊரில் எல்லாரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் ஒரு நாளும் டிப்போவுக்குள் போய்ப் பார்த்ததில்லை. பள்ளிக்கூட டீச்சர் ஏலக்காய்த் தூசியில் போய் நிற்பதா என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பு எனக்கு இருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை.

"என்னங்க, உங்களுக்கு ஒரு சோலி இருக்கு. சாயங்காலம் டிப்போ அடைச்சதும் பள்ளிக்கூடத்துக்கு வரணும்" என்றேன்.

"எதுக்கு, மூட்டை எறக்கவா?"

"எண் சொல்ல. நாலாயிரத்துத் தொண்ணூத்தாறு எண்."

சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். "அம்புட்டுத்தானா? வர்றேன்."

வெள்ளிக்கிழமை தொடங்கினோம். வெள்ளை வேட்டி, துவைத்த சட்டை, நெற்றியில் திருநீறு. நாற்காலியை எனக்குச் சற்றுப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமினார். பிறகு அந்தக் குரல் வந்தது. 'நூத்தி அறுபத்தொம்பது. முப்பத்திரெண்டு. எண்பத்தஞ்சு.' வீட்டில் உப்பில்லை, புளியில்லை என்று கேட்ட குரல் இல்லை இது. ஒவ்வொரு எண்ணும் தனித்தனியாக, சுத்தமாக, ஒரே அளவு இடைவெளியில் வந்தது. வரி முடிந்தால் 'வரி' என்பார். என் விரல்கள் அந்தக் குரலுக்குப் பின்னாலேயே ஓடின. இடையிடையே மேஜையை மோதிர விரலால் தட்டினார். வீட்டிலும் சோறு தாமதமானால் வட்டிலைத் தட்டுகிற ஆள்தானே என்று எரிச்சல் வந்தது.

"மேசையைத் தட்டாதீங்க. எனக்குக் கவனம் செதறுது" என்றேன்.

"சரி" என்றார். சத்தம் நின்றது.

ஞாயிறு நீங்கலாக ஒன்பது சாயங்காலம். அன்றன்றைக்கு அடித்ததை டேப்பில் பதிவு செய்துவிட்டுத்தான் விளக்கை அணைப்பேன். ஒருமுறை கரண்டு போய் நாற்பது வரி அழிந்தது. அவர் முகம் சுளிக்காமல் மறுபடி முதலிலிருந்து சொன்னார். ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் அந்தப் பக்கத்து எண்களின் கூட்டுத்தொகை அச்சிட்டிருந்தது. நான் நாலு வரியில் ஒரு சின்ன புரோகிராம் எழுதி, பக்கம் முடிந்ததும் இயந்திரத்தையே கூட்டச் சொன்னேன். ஆறு பக்கமும் ஒன்று பிசகாமல் ஒத்துப்போயிற்று.

"பாத்தியா?" என்றார். மீசையைத் தடவிக்கொண்டார். எனக்கு இந்த மனுஷனைக் கூட்டிக்கொண்டு போய் மதுரைப் பயிற்சியில் ஆண்கள் நடுவே உட்கார வைக்க வேண்டும் போல இருந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் கடைசி எண்ணையும் அடித்து முடித்தேன். அதிகாரி வர இன்னும் நாலு நாள். ஆயம்மாள் டீச்சரும் கருத்தம்மாளும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். புரோகிராமை ஓடவிட்டேன். திரையில் தீவு வரவில்லை. எண்கள் தீர்ந்துவிட்டன, இன்னும் வேண்டும் என்று ஒரு வரி மட்டும் வந்து நின்றது.

மறுபடி ஓடவிட்டேன். மறுபடியும் அதே வரி. எத்தனை எண் இருக்கிறது என்று இயந்திரத்தையே எண்ணச் சொன்னேன். மூவாயிரத்து எழுநூற்று எண்பத்து நாலு. முந்நூற்றுப் பன்னிரண்டு குறைகிறது.

கருத்தம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். "என்னண்ணே, இங்கயும் எடையில அடிச்சுட்டீகளா?"

எடை சொல்பவரிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது. வேறு யார் சொல்லியிருந்தாலும் அவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்திருப்பார். அவர் கருத்தம்மாளைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தார்.

நான் சொன்னேன். "எங்கயோ விட்டிருக்கீக. நீங்க சொன்னதைத்தான நான் அடிச்சேன்."

"நான் ஒண்ணும் விடலே."

"அப்ப முந்நூத்திப் பன்னெண்டு எண்ணு எங்க போச்சு? பறந்தா போச்சு?"

"நான் விடலே" என்று மறுபடியும் சொன்னார். புத்தகத்தை மேஜையில் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். வீட்டில் அன்றைக்குச் சாப்பிட்டார், படுத்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. எனக்கும் ரோஷம் இருக்கிறதே.

செவ்வாய்க்கிழமை முதல் பீரியடு எனக்கு வகுப்பு இல்லை. கம்ப்யூட்டர் அறையில் தனியாக உட்கார்ந்து நினைத்துப் பார்த்தேன். கூட்டுத்தொகை சரி, எண்ணிக்கை குறைவு. குறைந்தும் கூட்டுத்தொகை மாறவில்லை என்றால் குறைந்தது எது? இதை ஆறாம் வகுப்பில் நான் கேட்டிருந்தால் பத்துக் கை தூக்கியிருக்கும். பத்து வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவளுக்கு ஒரு ராத்திரி முழுக்கத் தோன்றவில்லை. கோபம் வந்தால் என் மண்டைக்குள் கணக்கு நடக்காது.

புத்தகத்தையும் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பூஜ்யங்கள்தான். பூஜ்யம் தனியாக நின்ற இடத்தில் எல்லாம் ஒன்றுமில்லை. ஒன்று கூடத் தப்பவில்லை, முந்நூற்றுப் பன்னிரண்டையும் விட்டிருந்தார்.

புரிந்ததும் கோபம் குறையவில்லை, ஏறியது. ஒன்றுமில்லாததுதானே என்று விட்டுவிட்டாரா? ஒன்பது நாள் உழைப்பு! மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு டிப்போவுக்கு நடந்தேன். எல்லார் முன்னாலும் கேட்பது என்றுதான் போனேன்.

வாசலில் ஜீப் நின்றது. மெட்டிலிருந்து வந்த லோடு இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே போனதும் ஏலக்காய் வாசனை கண்ணைக் கரித்தது. தராசுக்குப் பக்கத்தில் அவர் நின்றார். நான் வந்ததைப் பார்த்தார், ஆனால் வேலை நடுவில் இருந்ததால் தலையசைக்கவில்லை. சுற்றி ஐம்பது பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். இவர் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. 'முப்பத்தொம்பது. நாப்பத்தொண்ணு. முப்பத்தெட்டு.' தூரத்தில் மேஜையில் கணக்கப்பிள்ளை கன்னையன் குனிந்த தலை நிமிராமல் எழுதினார்.

ஒருவருடைய மூட்டைகள் முடிந்தன. அடுத்தவருடையது ஏறுவதற்கு முன்னால் தட்டைத் துடைத்தார்கள். வெறும் தட்டு நேராக நிற்கிறதா என்று என் வீட்டுக்காரர் முள்ளைப் பார்த்தார். பார்த்துவிட்டு, வாய் திறக்காமல், பக்கத்து மரத்தூணில் மோதிர விரலால் ஒரு தட்டு. கன்னையன் பேரேட்டில் ஒரு புள்ளி வைத்தார். உடனே அடுத்த மூட்டை ஏறியது.

நான் கன்னையனிடம் போனேன். "இப்ப என்னத்த எழுதுனீக, அண்ணே?"

"தட்டு சுத்தமா நின்னுச்சுன்னு எழுதுனேன், டீச்சர்."

"அவுக ஒண்ணும் சொல்லலையே?"

"தட்டுனாருல்ல? அதான் சொல்றது." என்னை ஒரு மாதிரி பார்த்தார். "டிப்போவுல வச்சு, இல்லே, காலி, பூஜ்யம்னு யாராச்சும் வாயால சொல்லுவாகளா? ஏவாரம் வெளங்குமா?"

வீட்டில் அரிசி தீர்ந்துபோனால்கூட நாங்கள் தீர்ந்தது என்று சொல்வதில்லை, நிறைந்திருக்கிறது என்போம். அதை நூறு முறை சொன்னவள் நான். இருபத்திரண்டு வருஷம் இந்தத் தூணைத் தட்டி வந்த மனுஷன் என் மேஜையையும் தட்டியிருக்கிறார். முதல் நாள், முதல் வரியிலேயே சொல்லியிருக்கிறார். நான்தான் தட்டாதீர்கள் என்றேன்.

லோடு முடிந்து அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"மேசையைத் தட்டாதீங்கன்னு சொன்ன பிறகு என்ன செஞ்சீக?" என்று கேட்டேன்.

"தொடையில தட்டுனேன். நீ பாத்துட்டுத்தான் அடிக்கிறேன்னு நெனச்சேன். கன்னையன் பாக்காமலே எழுதுவாரு, நீ பாத்தாச்சும் எழுதுவேல்ல?"

"நான் எங்க பாத்தேன்? திரையத்தான பாத்தேன்."

அவருக்கு அப்போதுதான் விளங்கியது. சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அப்ப நான் விடலேல்ல?" என்று கேட்டார்.

"நீங்க ஒண்ணு கூட விடலே. நான்தான் வாங்கல. அன்னைக்கு அவ சொன்னப்ப நான் பேசியிருக்கணும். தப்பு என் மேலதான்" என்றேன். ஐம்பது பேர் நடுவில்தான் சொன்னேன். அவமானம் செய்ய வந்த இடத்தில் அதைச் சொல்வதுதான் நியாயம்.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியதும் நேரே ஓய்வறைக்குப் போனேன். கருத்தம்மாள் டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். நடந்ததை ஆதியோடந்தமாகச் சொல்லி, "நாலாயிரத்துத் தொண்ணூத்தாறுல அவுக ஒரு தப்பு பண்ணலடி. நீ எடையில அடிச்சதாச் சொன்னே" என்றேன். வாய்க்காரி அவள், டப்பாவைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தாள். "சாயங்காலம் அண்ணன் வந்தா காப்பி நான் போடுறேன்" என்றாள்.

அன்றைக்கும் புதன், வியாழனும் உட்கார்ந்தோம். ஒவ்வொரு வரியாக எடுத்து, பூஜ்யம் நின்ற இடத்தில் எல்லாம் அதைச் செருக வேண்டும். "வேணும்னா வாயாலயே சொல்றேன். இது பள்ளிக்கூடந்தான" என்றார். அவர் அதைச் சொல்லும்போதே முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

"வேணாம். நல்லாச் சத்தமாத் தட்டுங்க" என்றேன்.

தட்டினார். மேஜை அதிர்ந்தது. அறுபத்தைந்து, தட்டு, தட்டு, நூற்றி முப்பத்து மூன்று, தட்டு. நான் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் அடித்தேன். முதல் நாள் எரிச்சலாகத் தெரிந்த விஷயம் அவ்வளவு அழகாக இருந்தது. வியாழக்கிழமை ஐந்தரை மணிக்கு இயந்திரம் எண்ணிச் சொன்னது, நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு. கதைக் கேசட்டைப் போட்டேன். டேப் கீச்சிட்டு முடிந்ததும் திரை ஒரு கணம் வெறுமையாக நின்றது. பிறகு, 'நீங்கள் ஒரு தீவில் நிற்கிறீர்கள்.'

'வடக்கே போ' என்று அடித்தேன். கையை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை அதிகாரி வந்தார். மெலிந்த மனிதர், களைத்த முகம், கையில் ஒரு நீளப் பட்டியல். ஏற்றிப் போக வெளியே வேன் தயாராக நின்றது. அறையில் நாற்பது பிள்ளைகள். டிப்போவில் சொல்லிவிட்டு என் வீட்டுக்காரரும் வந்து கதவோரம் நின்றார்.

"என்ன ஓடுது?" என்று அதிகாரி கேட்டார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவரே உட்கார்ந்து அடித்துப் பார்த்தார். மேற்கே போனார், கிணற்றைப் பார்த்தார், இறங்கு என்றார். இறங்கியதும் கீழே விழுந்து செத்துப்போனார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

முனியாயி எழுந்தாள். ஒன்பதாம் வகுப்பு. அப்பா அம்மா மெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை, இவள் விடுதியில் தங்கிப் படிப்பவள்; முந்தின நாள் சாயங்காலம் நான் தீவில் கொஞ்ச தூரம் நடந்து காட்டியதை விடுதிப் பிள்ளைகளோடு பார்த்திருந்தாள். வகுப்பில் இங்கிலீஷ் பாடம் வாசிக்கச் சொன்னால் அழுதுவிடுகிற பிள்ளை. "சார், கயிறு இல்லாம எறங்கக்கூடாது சார். கெழக்க ஒரு குடிசை இருக்கு, அதுல கயிறு கெடக்கும்" என்றாள்.

அதிகாரி எழுந்து அவளுக்கு நாற்காலியைக் கொடுத்தார். அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். கிழக்கே போனாள், கயிற்றை எடுத்தாள், கட்டினாள், இறங்கினாள். கிணற்றுக்குள் சாவி இருந்தது. ஒரு பிள்ளை சொன்னால் மறு பிள்ளை மறுக்கும், நாலாவது பிள்ளை எழுத்துக்கூட்டிச் சொல்லும். விளக்கு எரிந்தபோது அந்த நாற்பது பேரும் போட்ட கூச்சலில் ஆயம்மாள் டீச்சர் ஓடிவந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் இல்லை, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று நின்றேன்.

அதிகாரி பட்டியலில் எங்கள் பள்ளிக்கு எதிரே ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். "இது இங்கயே இருக்கட்டும்" என்றார். பிறகு என்னிடம் கேட்டார். "பதினோரு பள்ளிக்கூடத்துக்கு இதே புத்தகம் கொடுத்தோம் அம்மா. எல்லாரும் ரெண்டாவது புரோகிராமோட நின்னுட்டாங்க. மூணாவது ஓடி நான் பார்க்கிறது இங்கதான். யார் செஞ்சது?"

"நானும் என் வீட்டுக்காரரும்" என்றேன். "அவுக ஏலக்காய் டிப்போவில எடை சொல்றவுக. ஆறு பக்கமும் அவுகதான் சொன்னாக. ஒரு எண் தப்பல."

அதிகாரி கதவுப் பக்கம் திரும்பினார். என் வீட்டுக்காரர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அப்படின்னா ஒரு உதவி வேணும்" என்றார் அதிகாரி. "இன்னும் மூணு பள்ளிக்கூடத்துக்கு நீங்க வந்து இதே மாதிரி சொல்லணும். மூணுலயும் மெஷின் வேற வேற, எண்களும் வேற, உங்க டேப் அங்க ஓடாது. அடிக்கிறதுக்கு அங்க டைப்பிஸ்ட் இருக்காங்க, நல்ல வேகம். நீங்க மட்டும் வந்தாப் போதும். ஜீப் அனுப்புறேன்."

எனக்குச் சுருக்கென்றது. தேர்ந்தெடுத்தது நான், வீம்பு பிடித்தது நான், பன்னிரண்டு சாயங்காலம் விரல் நோக அடித்தது நான். ஆனாலும் அவரைத்தானே கூப்பிடுகிறார்கள், போகட்டும், ஊர் பார்க்கட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அவர் அவசரப்படாமல் யோசித்தார். பிறகு அந்தத் தராசுக் குரலில் சொன்னார். "சார், சொல்றது பாதி வேலைதான். வாங்குற கை ஒண்ணு வேணும்ல? எங்க டிப்போவுல கன்னையன் லீவு போட்டா நான் எடை சொல்ல மாட்டேன், மூட்டை கீழயே கெடக்கும். இங்க டீச்சர் வாங்குனாத்தான் சொல்லுவேன். டீச்சர் வந்தா நானும் வர்றேன். இல்லேன்னா எனக்குச் சோலி கெடக்கு."

அதிகாரி சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "நீங்க என்னைக்கு வர்றீங்க, டீச்சர்?"

நான் புத்தகத்தை எடுத்து என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். அடுத்த சனிக்கிழமை என்றேன்.